தொடாதேங்கோ என்று சொல்லும் வேலை

ஒட்டுசுட்டான் சங்கத்து நெற்களஞ்சியத்தில்
ஐந்து நாள் கண்காட்சி.
நாளுக்கு ஆயிரத்தைந்நூறு எனக்கு,
பின்நேரத் தேத்தண்ணி தனி.
கதிரையில் இருக்க வேண்டும்.
கிட்ட வருகிறவர்களிடம்
தொடாதேங்கோ
என்று சொல்ல வேண்டும்.

மதுராங்கி கட்டியது ஒரு கோயில்.
கல்லில்லை, சீமெந்தில்லை.
நீல எழுத்து மங்கிய தறப்பாள்களை
ஒன்றோடொன்று தைத்து
வளையிலிருந்து தொங்கவிட்டிருந்தாள்.
காற்று வந்தால் கோபுரம் மூச்சு விட்டது.
உள்ளே, கருவறையில்,
ஒரு மஞ்சள் தண்ணீர்க் கான்.
மூடி இல்லை.
வயிற்றில் கறுப்பு மையால்
வலயம் நாலு, கூடாரம் இருநூற்றுப் பதினெட்டு.

சுவரில் ஒரு தாள்.
தெய்வத்தை எடுத்துவிட்டால்
கோயிலில் மிஞ்சுவது என்ன என்று
அது கேட்டது.
மூன்று தரம் வாசித்தேன்.
எழுத்துப் பிழை இருக்கவில்லை.

முதல் நாள்
பல்கலைக்கழகப் பெடியள் வந்து
குனிந்தும் நிமிர்ந்தும் படமெடுத்தார்கள்.
வெள்ளைக்காரர் ஒருவர்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
நெடுநேரம் நின்றார்.
என் வாய்க்கு வேலையில்லை.

இரண்டாம் நாள் சந்தைக்கு வந்த சனம்.
கச்சான் கோதைத் துப்பிவிட்டு
வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.
கழற்றத் தேவையில்லை என்றேன்.
அதைக் கேட்டபடியே கழற்றினார்கள்.
கறுத்தக் குடையோடு வந்த ஒரு மனுசி
கானைப் பார்த்தாள்,
இலக்கத்தைப் பார்த்தாள்,
விரலில் எதையோ எண்ணினாள்,
பிறகு சந்தைப் பைக்குள் கைவிட்டு
ஒற்றை நந்தியாவட்டையை எடுத்து
முன்னால் வைத்தாள்.
தொடவில்லை.
தொடாதவளை என்னவென்று தடுக்கிறது?
கும்பிடாதேங்கோ என்று சொல்ல
எனக்குச் சம்பளம் பேசவில்லை.

மூன்றாம் நாள் விபூதி.
பக்கத்தில் மெழுகுதிரி, ஏற்றாமல்.
ஒரு சைக்கிள் பூட்டின் திறப்பு,
யார் வைத்ததென்று தெரியாது.
ஒருவர் கற்பூரம் கொளுத்தப் போக
மதுராங்கி பாய்ந்து வந்தாள்,
ஐயோ அண்ணை, தறப்பாள் பத்தும்!
பிறகு பாலைமரத்தடியில் நின்று சிரித்தாள்.
போனில் யாரிடமோ
என்ரை கேள்வி பிழைச்சுப் போச்சு என்றாள்.
பிழைத்தது என்றால்
தப்பியது என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

நான் சபைக்குப் போகிறவள்.
ஞாயிறு காலை தகரக் கொட்டிலில்
கைதட்டிப் பாடுகிறவள்.
கையால் செய்ததன் முன் நிற்காதே
என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார்.
நான் நிற்கவில்லை, இருந்தேன்.
ஆனால் பின்நேரம் கூட்ட வேணும்,
அது பேச்சில் இருந்தது.
வாடின பூவைக் குப்பையில் போடக்
கை போகவில்லை.
சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்
முத்தையன்கட்டு வாய்க்காலில் விட்டேன்,
மூன்று பின்நேரம்.
கேட்டால் சொல்வேன்:
கூட்டினது மட்டும்தான், ஆண்டவரே.

எங்கள் கான் வலயம் இரண்டு.
மூடி இருந்தது அதற்கு.
பவுசர் வருமுன் வரிசையில் வைத்துவிட்டு
காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்க ஓடுவேன்.
திரும்பி வரும்வரை
எனக்குப் பதிலாக அது நிற்கும்.
அடிபிடிப்பட்ட சனம்தான்,
ஆனாலும் ஒருவரும் ஒருநாளும்
அதைத் தள்ளி வைத்ததில்லை.

ஐந்தாம் நாள் கொழும்பு லொறி.
தறப்பாள்களை மடித்தாயிற்று.
கானைத் தூக்கப் போன மதுராங்கி
தூக்க முடியாமல் நிமிர்ந்தாள்.
உள்ளே தண்ணீர்.
முக்கால்வாசிக்கு.
ஆர் ஊத்தினது, எப்ப ஊத்தினது?
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் கதிரையைப் பார்த்தேன்.

வெளியில கவிழ்க்கட்டோ, என்றான் லொறிப் பெடியன்.
தொடாதை!
களஞ்சியம் முழுக்கக் கேட்டது என் குரல்.
வெட்கமாய்ப் போய்விட்டது.
ஓடிப்போய் வெறும் போத்தல் தேடினேன்,
இரண்டு சோடாப் போத்தல் கிடைத்தது.
நிரப்பினேன்.
மிச்சம் இருந்தது.

லொறி ஹோன் அடித்தது.